ஆயாவின் பெட்டியைத் திறந்து படியுங்கள்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஆயாவின் மடியில் தமிழ் பேசி வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு,

என் ஆயாவின் தலைத் திவசம் நெருங்குகிறது. தெருமுனையில் கட்டுவதற்கு பிளெக்ஸ் பேனர் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ‘பிரதம வர்தந்தி’ என்று பெரிய தெலுங்கு எழுத்து, நடுவில் மாலை போட்ட படம், கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் பெயர் வரிசை. பிறந்த தேதி ஜனவரி 1. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கும் ஆதார் கொடுத்த பிறந்தநாள் அதுதான். பேனர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் ஒரு வரியைக்கூட ஆயாவால் படித்திருக்க முடியாது. தெலுங்கு நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. அவள் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு வரை. அவள் பெட்டியில் சேர்த்துவைத்துப் போனவற்றையோ, பேனரில் பெயர் போட்டிருக்கும் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோரால் படிக்க முடியாது.

இந்த இரண்டும் எங்கள் ஒரு வீட்டுச் சங்கதியாக இருந்தால் குடும்பத்துக்குள் பேசி முடித்திருப்பேன். நகரியில், புத்தூரில், சித்தூர்க் கடைத்தெருவில், திருப்பதி கொர்லகுண்டாவில் எத்தனையோ வீடுகளில் இதையே பார்க்கிறேன். ஆயா இருக்கும்வரை வீட்டில் தமிழ் இருக்கும். அவள் போன பிறகு அடுப்படியில் கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் மட்டும் மிஞ்சும். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக இந்தக் கடிதம்.

என் ஆயா நகரிக்குப் பக்கத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் 1930களின் தொடக்கத்தில் பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்துத் தறி ஒன்று வீட்டில் ஓடியது. பாவுக்குக் கஞ்சி போடுவது அம்மா வேலை. ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுவது பெண்பிள்ளைகள் வேலை. வாசலில் நின்றால் நகரி மூக்கு மலை தெரியும். மேகம் அந்த மலையில் எப்படிக் கட்டினால் பாவை உள்ளே எடுக்க வேண்டும் என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் பாவு விரிக்கிற வீட்டில் அவள் வாழ்ந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தும் அந்தக் கணக்கு அவளுக்கு மறக்கவில்லை.

அப்போது நம் பழைய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1911இல் வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்களையும் கடப்பையிலிருந்து சிலவற்றையும் பிரித்துச் சேர்த்து உண்டாக்கிய மாவட்டம் இது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதோடு போயிற்று. திருப்பதிவரை தமிழகத்துக்கு வேண்டும் என்று ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் நடத்திய போராட்டத்தை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறகு எல்லைத் தகராறுக்கு நடுவராக வந்த படாஸ்கர் தந்த பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

ஆயாவுக்கு இந்த வரலாறெல்லாம் அவள் அக்காதான். அக்காவைத் திருத்தணியில் கொடுத்திருந்தார்கள். ஆயாவைச் சித்தூரில், வெல்ல மண்டியில் கணக்கு எழுதியவருக்குக் கொடுத்தார்கள். அக்கா பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், ஆயா பிள்ளைகள் தெலுங்குப் பள்ளிக்கூடத்துக்கு. சகோதரிகள் இருவரும் வருஷம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் சந்தித்தார்கள். காவடிக் கூட்டத்தில் மேலே ஏறும்போது பேசுவது போதாமல், இறங்கி வந்தும் மரத்தடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசுவார்களாம். இன்றைக்கு அந்த இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிக்கொள்கிறோம். அவர்கள் எழுத்து எங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது, எங்கள் எழுத்து அவர்களுக்குத் தெரியாது.

இடைப்பட்ட பதினோரு மாதமும் அக்காவும் தங்கையும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்கள்தான் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. நீல நிற இன்லாண்டு லெட்டர்கள், மஞ்சள் கார்டுகள், மடிப்பில் கிழிந்தவை, ஓரத்தைப் பூச்சி அரித்தவை. காரியம் முடிந்த கையோடு வீட்டை ஒழித்தபோது அந்தக் காகிதக் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் மூட்டையில் வைத்திருந்தார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மூட்டை கட்டியவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரிந்ததால் அது தப்பியது. எனக்குத் தெரிந்ததும் ஆயா கற்றுக்கொடுத்துத்தான்.

அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். நூல் விலை இருக்கிறது. எந்தக் குழந்தைக்கு எந்த வருஷம் அம்மை போட்டது, எந்தக் கோயிலுக்கு என்ன வேண்டிக்கொண்டார்கள் என்பது இருக்கிறது. அவர்கள் அம்மா செத்த பிறகு பித்தளை அண்டா யாருக்கு என்று இரண்டு வருஷம் நடந்த மனஸ்தாபம் இருக்கிறது. எழுதாமல் விட்ட மாதங்கள்கூடக் கடிதத் தேதிகளில் தெரிகின்றன. 1965 தொடக்கத்தில் அக்கா எழுதிய ஒரு கார்டில், இந்தி எதிர்ப்புக் கலவரத்தால் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது, பையன் வீட்டில் இருந்து உயிரை வாங்குகிறான், உன் ஊரில் எப்படி என்று கேட்டிருக்கிறாள். ஆயாவின் பதில் என்னிடம் இல்லை. அது திருத்தணியில் இருக்க வேண்டும்.

இன்னொரு கட்டில் அம்புலிமாமா இதழ்கள். சந்தமாமா 1947இல் தொடங்கும்போதே தெலுங்கிலும், அம்புலிமாமா என்ற பெயரில் தமிழிலும் சேர்ந்து வந்தது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து நடத்தினார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் வாங்கினார்கள். ஆயா தமிழில் படிப்பாள், அப்பா தெலுங்கில் படிப்பார். படம் ஒன்று, கதை ஒன்று, எழுத்து வேறு. ராத்திரி சாப்பாட்டின்போது அம்மாவும் பிள்ளையும் அந்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதைக்கு ஆளுக்கொரு விடை சொல்லிச் சண்டை போடுவார்களாம். இரண்டு மொழி ஒரு வீட்டில் இப்படித்தான் வாழ்ந்தது. தெலுங்கு நம்மை விழுங்கிவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஆயா தெலுங்கை வெறுத்தவள் அல்ல. பக்கத்து வீட்டு ரெட்டியாரம்மாவோடு அவள் பேசிய தெலுங்கில் தமிழ் எவ்வளவு, தெலுங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. இரண்டும் நம்முடையதுதான். அதில் ஒன்றை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

பெண்களை எப்படி நினைவு வைத்துக்கொள்வது என்பதை இந்த ஊருக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. திருமலைக் கோயிலில் இரவு கடைசியாக நடப்பது ஏகாந்த சேவை. அப்போது கட்டிலில் பள்ளிகொள்வது போக சீனிவாசர் என்னும் வெள்ளித் திருமேனி. அதைக் கொடுத்தவள் சாமவை என்கிற பல்லவ அரசி. கொடுத்த ஆண்டு 966. அவள் பெயரும், அவள் கொடுத்த நகைகளும் நிலமும், எந்தத் திருவிழா எப்படி நடக்க வேண்டும் என்று அவள் வைத்த ஏற்பாடும் தமிழில் கல்வெட்டாகக் கோயில் சுவரில் இருக்கின்றன. அதே ஏகாந்த சேவையில் தாளப்பாக்கம் அன்னமய்யாவின் தாலாட்டுக்குப் பிறகு காட்டப்படுவது தரிகொண்ட வெங்கமாம்பாவின் முத்து ஆரத்தி. வெங்கமாம்பா நம் பழைய சித்தூர் மாவட்டத்துக்காரி. தரிகொண்டவில் பிறந்து, சின்ன வயதிலேயே கணவனை இழந்து, தலையை மழிக்க மறுத்து, ஊர்ப் பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு திருமலைக்கு வந்து தெலுங்கில் பாடிக்கொண்டே வாழ்ந்து மறைந்தவள். 1817இல் மறைந்தவளின் ஆரத்தி இன்றும் நிற்கவில்லை. மலைமேல் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடும் அன்னதானக் கூடத்துக்கும் 2011 முதல் அவள் பெயர்தான்.

தமிழில் கல் வெட்டிய ஒருத்தியும் தெலுங்கில் பாடிய ஒருத்தியும் ஒவ்வோர் இரவும் ஒரே சன்னிதியில் நினைக்கப்படுகிறார்கள். ஒருத்தி அரசி, ஒருத்தி கவிஞர். தார் சுற்றிய நம் ஆயாக்களுக்கு அந்த வசதி ஏது என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த இருவரும் நிலைத்தது, அவர்கள் செய்தது இன்னதென்று யாரோ எழுத்தில் வைத்ததாலும், அதை விடாமல் திரும்பத் திரும்பச் செய்ததாலும். அந்த இரண்டும் நம் கையிலும் இருக்கிறது.

நமக்கு நேரெதிராக, தெலுங்கு பேசிக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போனவர்களின் கதையையும் பாருங்கள். கி. ராஜநாராயணன் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்தவர், வீட்டில் தெலுங்கு. அவருடைய ‘கோபல்ல கிராமம்’ நாவலில் மங்கத்தாயாரு அம்மாள் என்று ஒரு பூட்டி வருகிறாள், வயது 137. தெலுங்கு நாட்டிலிருந்து அந்தக் குடும்பங்கள் ஏன் கிளம்பின, வழியில் என்ன பட்டன, எப்படிக் காட்டை அழித்து ஊர் கண்டன என்பது அத்தனையும் அவள் வாயால் வருகிறது. தமிழ்நாட்டுத் தெலுங்கு வீட்டுப் பாட்டிமார் சொன்னது கி.ரா. கையால் எழுத்தாயிற்று. நம் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே தெலுங்கில் மதுராந்தகம் ராஜாராமும் நாமினி சுப்பிரமணியம் நாயுடுவும் இந்த மண்ணின் மனிதர்களை எழுதினார்கள். நாமினி தன் அம்மாவை, அவள் பேசிய அதே சித்தூர்த் தெலுங்கில் எழுதினார். நம் ஆயாக்கள் பேசிய சித்தூர்த் தமிழை, கூடவே இருந்து கேட்ட நம்மைத் தவிர வேறு யார் எழுத முடியும்?

இரங்கல் எழுதும்போது நாம் எல்லோரும் ஒரே ஆயாவை எழுதிவிடுகிறோம். அன்பே உருவானவள், பாசமே வடிவானவள், கோபமே அறியாதவள். அந்த வரிகளை எந்த ஆயாவின் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும்; அதனாலேயே எந்த ஆயாவும் அதில் இல்லை. என் ஆயாவுக்குக் கோபம் வரும். மருமகளோடு பேசாமல் இருந்தால் நாள்கணக்கில் இருப்பாள். கேழ்வரகுக் களியில் ஒரு கட்டி தட்டியிருந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். புளிச்சக்கீரையைக் கடையும்போது யாரும் பக்கத்தில் போகக் கூடாது. யாராவது பொய் சொல்கிறார்கள் என்று பட்டால் ‘காணிப்பாக்கம் வர்றியா’ என்று ஒரே கேள்விதான் கேட்பாள். காணிப்பாக்கத்துப் பிள்ளையார்முன் பொய்ச் சத்தியம் செய்ய நம் பக்கத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்? விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். சித்தூர் வீட்டின் கொல்லைப்புற மாடத்தில் ஒரு அலுமினிய தம்ளர் தனியாக இருந்தது. விறகு பிளக்க வருபவருக்கும் சாக்கடை அள்ள வருபவருக்கும் அதில்தான் தண்ணீர். அது அங்கே இருந்ததையும், தன் கையால்தான் வைத்தது என்பதையும் ஆயா என்னிடம் சொன்னாள். அந்தக் காலம் அப்படி என்று அவள் சமாதானம் சொல்லவில்லை. ‘அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம்’ என்றாள். என் செல்போனில் அவள் குரலில் பதிவாகியிருக்கிறது. அதைக் கேட்ட உறவுக்காரர் ஒருவர் அழித்துவிடச் சொன்னார். அழிக்க மாட்டேன். அவள்மேல் எனக்குள்ள மரியாதை அந்தப் பதிவால் குறையவில்லை. ஊரே சொல்லாமல் மறைப்பதை எண்பது வயதுக்கு மேல் ஒருத்தி வாய் திறந்து சொன்னாள். அதை மறைத்துவிட்டுப் படத்துக்கு மாலை போடுவது எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் ஆயா இன்னும் இருக்கிறாரென்றால், ‘உன் கதையைச் சொல்லு ஆயா’ என்று கேட்காதீர்கள். ‘எனக்கென்னடா கதை, சோறு தின்னியா’ என்று எழுந்து போய்விடுவார். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதல் பிள்ளை எந்த வீட்டில், எந்த அறையில் பிறந்தது, மருத்துவம் பார்த்தது யார். கல்யாணத்துக்குக் கட்டிய புடவை எந்த ஊர்த் தறி. முதல் ஓட்டு எங்கே போட்டார், யாருடன் போனார். கிணறு எந்த வருஷம் வற்றியது. இப்போது மாந்தோப்பாக இருக்கும் நிலத்தில் வேர்க்கடலை போட்டிருந்த காலத்தில் களையெடுக்க என்ன கூலி. மீட்டர் கேஜ் ரயிலில் காட்பாடியிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதி வந்தபோது கையில் என்ன கட்டிக்கொண்டு வந்தார்கள். இப்படிக் கேட்டால் பேச்சு தானாக வரும். ஒரு கேள்விக்கு விடை வருவதற்குள் மூன்று பேர் சாவும் இரண்டு கல்யாணமும் ஊடே வந்துவிடும். அவசரப்படுத்தாமல் கேளுங்கள். கேட்கப் போன விஷயத்தைவிட அவைதான் பெரும்பாலும் முக்கியம்.

2024 கடைசியில் ‘புஷ்பா’ இரண்டாம் பாகம் வந்தபோது கங்கம்மா ஜாதரைக் காட்சிக்குத் தியேட்டரில் நீங்கள் அடித்த விசில் தெருவரை கேட்டது. கதாநாயகன் புடவை கட்டி ஆடிய அந்த ஜாதரை திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு வருஷாவருஷம் மே மாதம் நடப்பது. பைராகி வேஷம், பண்ட வேஷம், தொரை வேஷம், மாதங்கி வேஷம் என்று நாளுக்கொரு வேஷம். வேஷம் கட்டியவர்களின் அம்மாக்களும் மனைவிகளும் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். எந்தப் புடவையைக் கொடுத்தார்கள், யார் மஞ்சள் பூசி விட்டது, வேஷம் கலைத்த அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சினிமா அதுவரை போகாது. நீங்கள் போகலாம், பக்கத்துத் தெருதான்.

கேட்டுப் பதிவு செய்வது பெரிய காரியம் என்று மலைக்க வேண்டாம். நியூயார்க்கில் 2003இல் ஒரு ரயில் நிலையத்துக்குள் சின்ன அறை ஒன்றை வைத்து, நெருங்கியவர் ஒருவரைக் கூட்டிவந்து நாற்பது நிமிடம் பேச வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஸ்டோரிகார்ப்ஸ் என்று பெயர். அந்தப் பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேர்கின்றன. அந்த அறையில் இருந்த கருவி செய்ததை இன்று உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன் செய்துவிடும். வேண்டியது கேட்கும் ஆளும் கொஞ்சம் பொழுதும்தான். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் ஊரையும் பேசுபவரின் பெயரையும் சொல்லிவிடுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்பவருக்கு அது உதவும். ஒரு பிரதியை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

தமிழ் எழுத்து தெரியாதே என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். தெலுங்கு எழுத்திலேயே எழுதுங்கள். ஆயா சொன்ன தமிழை, அவள் சொன்னபடியே, உங்களுக்குக் கை பழகிய எழுத்தில் எழுதுங்கள். சரியான தமிழாக மாற்ற வேண்டாம், புத்தகத் தமிழாக்கவே வேண்டாம். ‘போச்சி’ என்று சொன்னால் ‘போச்சி’ என்றே எழுதுங்கள். எழுத்தைக் கற்றுக்கொண்டுதான் தொடங்குவேன் என்று காத்திருந்தால் அதற்குள் பேச ஆள் இருக்காது. எழுத்தை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். ஒரு கோடை விடுமுறை போதும், தெலுங்கு தெரிந்த கைக்குத் தமிழ் கடினமில்லை. கடிதக்கட்டு கிடைத்து, படிக்க வீட்டில் யாரும் இல்லையென்றால், சித்தூர் மாவட்டத்துக் குப்பத்திலேயே 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். எனக்கு எழுதினால் நானும் படித்துச் சொல்வேன். மனமாரச் சொல்கிறேன், எத்தனை கட்டு வந்தாலும்.

தலைத் திவசத்துக்கு வருகிறவர்களுக்கு எவர்சில்வர் டப்பாவோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுக்கப் போகிறோம். அக்காவின் கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த இருபது. இடப்பக்கம் தமிழ் எழுத்து, வலப்பக்கம் அதே தமிழ் தெலுங்கு எழுத்தில். அண்டாச் சண்டையும் அதில் உண்டு. இரண்டு குடும்பமும் சம்மதித்துவிட்டது. மகாளய அமாவாசைக்கு இலை போட்டுப் படைத்த பிறகு ஒவ்வொரு வருஷமும் அதில் ஒன்றைச் சத்தமாகப் படிப்பது என்றும் பேசியிருக்கிறோம். படிப்பது வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் வேலை.

ஆயா எழுதிய பதில்கள் இல்லாமல் அந்தப் புத்தகம் பாதிதான். திருத்தணி அத்தை, அதாவது பெரியாயாவின் மகள், பரண்மேல் ஒரு பை இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் வயது எண்பதை நெருங்குகிறது, சில எழுத்துகளை அவளைத் தவிர யாராலும் கூட்டிப் படிக்க முடியாது. ஆடிக் கிருத்திகைக்கு வா, சாவகாசமாகப் பார்க்கலாம் என்றாள். அதுவரை நான் காத்திருக்கப் போவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையே சப்தகிரி எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன்.

அன்புடன்,
கொர்லகுண்டாவிலிருந்து ஒரு பேத்தி